ஓதி ஊதிய குழாய்

ஆலங்குடாவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் டொக்டருக்குத் தெரிவதற்கு முன்பே மர்ளியாவுக்குத் தெரிந்துவிடும். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வருத்தம் பார்க்கப் போவது நன்மையான காரியம் என்று மார்க்கம் சொல்கிறது. மர்ளியா அந்த நன்மையை இரண்டு கையாலும் அள்ளியவள். வருத்தக்காரரின் தலைமாட்டில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாளென்றால், அவருக்கு வந்திருக்கிற அதே வருத்தத்தில் இதற்கு முன்பு செத்துப்போன அத்தனை பேரின் கதையையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, கூடவே ஆறுதலும் சொல்லிவிட்டுத்தான் எழும்புவாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து ஊரோடு விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்த காலத்திலும் அவள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. பிறகு முகாம் ஊரானது, கொட்டில் கல்வீடானது, யுத்தமும் முடிந்தது. இனித் திரும்பிப் போவோமா என்று புருஷன் செய்னுலாப்தீன் ஒருநாள் கேட்டதற்கு, அங்கே வருத்தம் பார்க்க ஆள் காணாது என்று சொல்லிவிட்டாள். பகிடிக்குச் சொன்னாளா மெய்யாகவே சொன்னாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அப்படிப்பட்டவளுக்கே வருத்தம் வந்து சேர்ந்தது. சீனி வருத்தம் பல வருடமாக உள்ளுக்குள் இருந்து அரித்து, இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்திருந்தது. டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று மெஷின். கிழமைக்கு மூன்று நாள், விடிய முன்னம் வேனில் ஏறித் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு பொழுதுபடத் திரும்ப வேண்டும். வந்தபின் அடுத்த நாளும் கட்டில்தான். மற்றது, வயிற்றில் ஒரு குழாய் வைத்துக்கொண்டு வீட்டிலேயே நாளைக்கு நான்கு தரம் தண்ணீர் மாற்றுவது. பேக்கில் வரும் மருந்துத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கி, அங்கேயே சில மணி நேரம் கிடந்து, உடம்பின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். ஒரு தரத்துக்கு அரை மணி நேரம் போகும். மிச்ச நேரமெல்லாம் அவளுடையது. கலியாண வீட்டுக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், நாலு வீடு ஏறி இறங்கலாம். மர்ளியா யோசிக்கவே இல்லை. குழாயை வையுங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பழக்கினார்கள். பழக்கியவர் ஒரு சிங்கள மிஸ். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கட்டளைத் தமிழ்: கை கழுவு, ஜன்னல் மூடு, ஃபேன் நிப்பாட்டு, வாய் மூடு. வயிற்றுக் குழாயின் மூடியைக் கழற்றி, பேக்கின் குழாயோடு கொழுவுகிற அந்த ஒரு கணம்தான் பொல்லாத கணம். அப்போது இரண்டு குழாயின் வாயும் திறந்திருக்கும். ஒரு தும்மல் போதும், ஒரு விரல் பட்டால் போதும், கிருமி நேரே வயிற்றுக்குள் போய்விடும். அப்படி ஏதும் பட்டுவிட்டால் கொழுவவே கூடாது, புது மூடியைப் போட்டு மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று மிஸ் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மாஸ்க் போட வேண்டும், கதைக்கவும் கூடாது.

“கையக் கழுவுறன் மிஸ், கதவையும் பூட்டுறன். வாயப் பூட்டச் சொல்றது எவ்வளவு நேரத்துக்கு?” என்று மர்ளியா கேட்டாள். வார்ட்டில் குழாயோடு கிடந்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

செய்னுலாப்தீனும் கூடவே இருந்து பழகினார். அவருக்குக் கற்பிட்டி றோட்டில் டயர் ஒட்டுகிற கடை. குழாய், வால்வு, கசிவு எல்லாம் பழகின கை என்பதால் மர்ளியாவைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். அவரிடம் உள்ள ஒரே குறை, யாருக்கும் ‘ஏலாது’ என்று சொல்ல வராது. கடையில் கடன் சொல்கிறவனுக்கும் தலையாட்டுவார், கலியாணத்துக்குக் கதிரை இரவல் கேட்பவனுக்கும் தலையாட்டுவார். அந்தத் தலை ஆடுவதற்கென்றே படைக்கப்பட்டது என்று மர்ளியா சொல்வாள்.

வீட்டில் ஓர் அறையைக் காலிபண்ணி, வெள்ளையடித்து, அலுமாரியைக்கூட வெளியே தள்ளிவிட்டுக் குழாய்க்கென்றே ஒதுக்கினார்கள். லொறியில் தண்ணீர்ப் பெட்டிகள் வந்து இறங்கின. டயர் கடைக்காரர் சோடா வியாபாரத்தில் இறங்கிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உலாவியது. மீனவர் வாடிகளின் ஓலையெல்லாம் காற்றில் படபடக்கிற கரை அது. களப்போரம் நெடுகிலும் பெரிய பெரிய காற்றாடிகள் கரண்டுக்காகச் சுழன்றுகொண்டிருக்கும். அவ்வளவு காற்றுக்கும் நடுவில், மர்ளியாவின் அறையில் மட்டும் நாளைக்கு நான்கு தரம் காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்துக் கிடந்து தண்ணீர் மாற்றுவாள். ஆனால் மாற்றி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு செருப்பைத் தேடுவாள். அதற்காக எவ்வளவும் வேர்க்கலாம் என்றுதான் இருந்தாள்.

பிறகு ஊர் திரும்பி வந்தது. இவ்வளவு காலமும் மர்ளியா பார்த்த வருத்தத்துக்கெல்லாம் பதிலுக்கு வருத்தம் பார்க்க ஊரே புறப்பட்டது. அவள் குடிக்கக் கூடாத நெஸ்டமோல்ட்டும் தின்னக் கூடாத பழங்களும் மேசையில் குவிந்தன. வந்தவர்கள் தலைமாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கிட்னி பழுதாகிச் செத்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். அதில் பாதிக் கதை மர்ளியாவே ஊருக்குச் சொன்னது. அவளுக்கு இப்போதுதான் விளங்கியது, தலைமாட்டுக் கதிரையில் இருந்து கேட்பதற்கும் கட்டிலில் கிடந்து கேட்பதற்கும் அந்தக் கதைகள் எவ்வளவு வித்தியாசம் என்று.

தண்ணீர் மாற்றுகிற நேரத்தில் வெளியே இருங்கள் என்றால் அவர்களுக்கு முகம் கறுத்தது. கை கழுவச் சொன்னால் இன்னும் கறுத்தது. எங்களுக்கென்ன, நாங்கள் என்ன சொறி பிடித்தவர்களா என்று முணுமுணுத்தார்கள். பக்கத்து வீட்டு முஃபீதா மட்டும் கோபிக்காமல் உள்ளேயே வந்துவிட்டாள். கொழுவுகிற நேரம் பார்த்து, பாவம் புள்ளை வேர்த்துக் கொட்டுகிறாள் என்று இரக்கப்பட்டு ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டாள். ஃபேனில் பல மாதத்துத் தூசி இருந்தது. அந்த இரக்கத்தின் பலனாக, அடுத்த நாள் வெளியே வந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. வயிற்றைப் பிசைகிற வலி, காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஊசி. மருந்துக்கு அது அடங்கியதும் டொக்டர் கட்டிலருகில் வந்து நின்று, இன்னொரு தரம் இப்படி வந்தால் குழாயைக் கழற்றிவிட வேண்டிவரும், பிறகு மெஷின்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து மர்ளியாவின் கதவு மெய்யாகவே பூட்டிக்கொண்டது. தண்ணீர் மாற்றும் நேரத்தில் ஜனாதிபதி வந்தாலும் வராந்தாவில்தான் என்று சொல்லிவிட்டாள். மர்ளியாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள். தன் குழாய் தன்னிடம் இருந்தால் அவளுக்குப் போதும்.

இந்த நிலையில்தான் சாஹுல் ஹமீது வந்து சேர்ந்தார். செய்னுலாப்தீனின் அக்கா, ஹவ்வா ராத்தாவின் புருஷன். மரம் விற்கிற மரக்காலை நடத்தி ஓய்ந்தவர். மரத்தை விட்டபிறகு ஓதிப் பார்ப்பதில் இறங்கியிருந்தார். மார்க்கம் படித்த ஆலிமும் இல்லை, குர்ஆனை மனனம் பண்ணிய ஹாபிழும் இல்லை. ஆனால் குரல் நல்ல கணீரென்ற குரல், தாடியும் நல்ல அடர்த்தி. குழந்தைகளின் பயத்துக்கு ஓதி ஊதுவார், மாடு பால் சுரக்காவிட்டாலும் ஊதுவார். ஒருமுறை ஸ்டார்ட் எடுக்காத வள்ளத்து எஞ்சினுக்கு ஊதினார், அது கிளம்பியதாம். எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவர் ஒரு பெரிய போத்தல் நிறைய ஓதிய தண்ணீர் கொண்டுவந்திருந்தார். மர்ளியா இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்துவிட்டு மூடி வைத்தாள். மிச்சத்தையும் குடிக்கச் சொன்னார். தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டும், கூடினால் மூச்சுத் திணறும் என்று அவள் சொன்னாள். சாஹுல் ஹமீது தாடியைத் தடவி யோசித்தார். அவருடைய பார்வை மூலையில் அடுக்கியிருந்த தண்ணீர்ப் பெட்டிகளில் போய் நின்றது. வாயால் குடிக்க முடியாத ஒருத்திக்கு, வயிற்றுக்குள் நேரே தண்ணீர் இறங்குகிற வழி ஒன்று ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீருக்கு ஓதி ஊதினால் சுகம் தரும் ஷிஃபா நேரே போய்ச் சேருமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

தாராளமாக ஊதுங்கள் நானா என்று மர்ளியாவும் சொன்னாள். பெட்டிகளைக் காட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊதுங்கள், லொறி வருகிற நாளில் லொறிக்கும் சேர்த்து ஊதுங்கள் என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

“பெட்டிக்கு ஊதினா பெட்டிக்குத்தான் ஷிஃபா. குழாய்ட வாய் தொறந்திருக்கக்குள்ள ஊதோணும்.”

மர்ளியா சிரித்துவிட்டாள். சிரித்தது பிழையாகிப்போனது. மிஸ் சொன்னதை, டொக்டர் சொன்னதை, முஃபீதாவின் ஃபேனை எல்லாம் விளக்கமாகச் சொல்லிப் பார்த்தாள். ஓதின வாயில் கிருமி இருக்குமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மர்ளியாவிடம் பதில் இருந்தது. அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை இருந்தது, பல்லுக்கு நடுவில் என்னவெல்லாமோ இருந்தது. ஆனால் புருஷனின் ராத்தா மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டதற்காகப் பிற்பாடு தன்னையே பல தரம் திட்டிக்கொண்டாள்.

கிழமை முடிவதற்குள், மர்ளியா ஓதின தண்ணியை வேண்டாமென்று தள்ளிவிட்டாளாம் என்று ஊரெல்லாம் கதை. யாரோ போய் மௌலவியிடமும் கேட்டார்கள். அவர் இளம் ஆள். துஆவை வராந்தாவில் இருந்து கேட்டாலும் அல்லாஹ் கேட்பான், பூட்டின கதவு அவனுக்குத் தடையில்லை, டொக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லியனுப்பினார். எவ்வளவு தெளிவான பேச்சு. ஆனால் மௌலவிக்கு இன்னும் தாடி சரியாக இறங்கவில்லை, சாஹுல் ஹமீதின் தாடியோ நெஞ்சுவரை கிடந்தது. ஊர் தாடியின் பக்கம் நின்றது.

ஹவ்வா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடைக்கு வந்து, கழற்றிப் போட்டிருந்த லொறி டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு அழுதாள். நாளைக்கு மர்ளியாவுக்கு ஒன்று ஆகிப்போனால், ஓத வந்த மனிசனை நீதானே தடுத்தாய் என்று மறுமையில் உன்னிடம் கேட்பார்கள் என்றாள். செய்னுலாப்தீனுக்கு உம்மா இறந்தபோது சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். எதற்குத்தான் தலையாட்டாமல் இருப்பது? அவர் தலை ஆடியது. கொழுவுகிற அந்தக் கணம் எந்நேரம் வரும், எப்போது இரண்டு வாயும் திறந்திருக்கும் என்பதை, மிஸ் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும், ராத்தாவிடம் ஒப்புவித்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின் மர்ளியா தண்ணீர் மாற்ற உட்கார்ந்தாள். கையை முழங்கைவரை கழுவி, மாஸ்க் போட்டு, ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. கதவைப் பூட்டுவது புருஷனுடைய வேலை. அவர் கதவைச் சாத்தினார், பூட்டவில்லை. அவள் வயிற்றுக் குழாயின் மூடியைத் திருகிக் கழற்றி, மற்றக் கையால் பேக்கின் குழாயை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சாஹுல் ஹமீது, பின்னால் முக்காட்டோடு ஹவ்வா. அவருக்கும் ஹவ்வா மாஸ்க் கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தாள். அவர் குழாயருகில் குனிந்து, மாஸ்க்கைத் தாடிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மாஸ்க்கோடு ஊதினால் மாஸ்க்குக்குத்தான் ஷிஃபா என்று நினைத்திருப்பார். வாய்க்குள்ளேயே ஓதி முடித்து வந்திருந்தார் போல. ஒரு நொடியும் தாமதிக்காமல், திறந்திருந்த குழாயின் வாய்க்கு நேரே, மூன்று தரம் நன்றாக ஊதினார். வெற்றிலை வாசம் மர்ளியாவின் முகத்தில் அடித்தது. அவளுடைய விரலில் சிவப்பாக ஒரு சின்னத் துளி தெறித்திருந்தது.

“ஆமீன்,” என்றாள் ஹவ்வா.

புது மூடி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்து மூடு, பேக்கைத் தூக்கி எறி, ஆஸ்பத்திரிக்கு ஓடு. மிஸ்ஸின் கட்டளைத் தமிழ் காதுக்குள் கேட்டது. மர்ளியா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹவ்வா உள்ளங்கைகளை ஏந்திக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக நின்றாள். அந்த அழுகையில் கள்ளம் இல்லை. பேக்கை எறிந்தால் என்ன பேச்சு வரும் என்று மர்ளியாவுக்குத் தெரியும். அதைவிட, ஓதி ஊதிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று அவளுக்கே ஒரு பயம் வந்தது. கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது, சாக்கடைக் கானில் ஊற்றக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். இரண்டு லீட்டர் தண்ணீர். இவ்வளவு பேரின் முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவேளை சுகமாகிவிட்டால் என்ற ஆசை. நாலு வேளையும் வேர்த்துக் கிடக்கிற ஒருத்திக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா?

ஊருக்கே பதில் சொல்கிற வாய் மாஸ்க்குக்குள் சும்மா கிடந்தது. மர்ளியா குழாயைக் கொழுவினாள்.

வந்தவர்கள் அதோடு போகவும் இல்லை. தேத்தண்ணி குடித்து, மஸ்கெற் இனிப்புச் சாப்பிட்டு, முகத்தில் தெளிச்சம் வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி அஸர் தொழுகைவரைக்கும் இருந்தார்கள். அடுத்த முறை தண்ணீர் வெளியே வந்தபோது செய்னுலாப்தீன் பேக்கைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் வாசலில் நின்று தடுமாறினார். ஓதின தண்ணியை எப்படிக் கக்கூஸில் ஊற்றுவது? கடைசியில் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். சாஹுல் ஹமீது ஊதிய அந்த ஊத்தினால் உருப்படியாகப் பயன் கண்டது அந்த முருங்கை ஒன்றுதான். அடுத்த மாதம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வலி தொடங்கியது. திங்கட்கிழமை விடியவே, வெளியே வந்த பேக்கின் பின்னால் மர்ளியா தன் விரலைப் பிடித்துப் பார்த்தாள். விரல் தெரியவில்லை, தண்ணீர் அவ்வளவு கலங்கல். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வேன் பிடிக்கச் சொன்னாள்.

இந்தத் தரம் மருந்துக்கு அடங்கவில்லை. குழாயைக் கழற்றினார்கள், இனி அந்த வயிற்றில் குழாய் வைக்க ஏலாது என்றும் சொல்லிவிட்டார்கள். மிஸ் வந்து, யார் என்ன செய்தது என்று கேட்டார். தும்மினேன் என்று மர்ளியா பொய் சொன்னாள். அந்நிய பாஷைக்காரியிடம் வீட்டு மானத்தை எப்படிச் சொல்வது? மிஸ் அவளைத் திட்டவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மிஸ் போனபிறகு செய்னுலாப்தீன் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதார்.

“அழாதீங்க,” என்றாள். “நீங்க கதவப் பூட்டல்ல. நான் கொழுவினன். ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சம்.”

அதற்குப் பிறகு மெஷின். வேன்காரன் விடிய முன்னம் வந்து ஹோர்ன் அடிப்பான். புத்தளம் தாண்டி, அதையும் தாண்டி நெடுந்தூரம் போகவேண்டும். அங்கே நாலு மணி நேரம் கையில் ஊசியோடு கிடந்து, திரும்பி வருகிறபோது எழுந்து நிற்கக் காலில் பலம் இராது. அடுத்த நாள் தலை தூக்க முடியாது. தலை தூக்குகிறபோது மறுபடி ஹோர்ன் அடிக்கும். செருப்பு வாசலில் கிடந்து தூசி பிடித்தது. பக்கத்து ஊரான குறிஞ்சிப்பிட்டியில் யாருக்கோ பிள்ளைப்பேறு, பக்கத்துத் தெருவில் யாருக்கோ கால் முறிவு, எல்லாம் காதால் மட்டும் கேட்டாள். தன்னால் போய்ப் பார்க்க முடியாத ஒவ்வொன்றுக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஊருக்கோ சந்தோஷம். அறைக் கதவு இப்போது எந்நேரமும் திறந்திருந்தது. யாரும் கை கழுவ வேண்டியதில்லை, வராந்தாவில் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மர்ளியா திரும்பி வந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் நடுவில் இன்னொரு கதையும் வளர்ந்துவிட்டிருந்தது. சாஹுல் ஹமீது ஊதினார், ஊதின பத்தாம் நாள் குழாய் கழன்றுவிட்டது. வயிற்றில் இருந்த குழாய் இப்போது இல்லை, தண்ணீர்ப் பெட்டி இல்லை, மாஸ்க் இல்லை. சுகம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மெஷினுக்குப் போவதை ‘கிளினிக் போறா’ என்று சொல்லித் தட்டிவிட்டார்கள். மர்ளியா ஒருநாள் முஃபீதாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்தாள். வருத்தத்தில் கிடக்கிறவள் கசந்துபோய்ப் பேசுகிறாள், நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று முஃபீதா வெளியே போய்ச் சொன்னதாகக் கேள்வி.

ஒரு சனிக்கிழமை, மெஷின் இல்லாத நாள். சாஹுல் ஹமீதும் ஹவ்வாவும் வந்திருந்தார்கள். கூடவே குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஸபீனா என்ற இளம் பெண்ணையும் கூட்டிவந்திருந்தார்கள். அவளுடைய மாப்பிள்ளைக்கும் கிட்னி பழுது, அவனுக்கும் வயிற்றில் குழாய் வைத்து வீட்டில் தண்ணீர் மாற்றுகிறார்கள். சாஹுல் ஹமீது தன் ஊத்தின் பலனைக் கண்ணால் காட்டத்தான் அவளை இங்கே கூட்டிவந்திருந்தார். இந்தா பாருங்கள், குழாயோடு கிடந்தவள் இப்போது குழாய் இல்லாமல் இருக்கிறாள் என்று மர்ளியாவைக் கையால் சுட்டினார். ஸபீனா கண்ணை அகல விரித்து மர்ளியாவின் வயிற்றைப் பார்த்தாள். வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டுக்கு வந்து ஊதிவிட்டுப் போகவேண்டும் என்று நானாவைக் கெஞ்சினாள். இன்ஷா அல்லாஹ் என்றார் அவர்.

மர்ளியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனிசன் ஊதித்தான் என் குழாயில் சீழ் பிடித்தது என்று கத்தலாம். கத்தினால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அஸ்தக்ஃபிருல்லாஹ் என்பார்கள், கசப்பு என்பார்கள், சாஹுல் ஹமீது பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தும் விடுவார். வெள்ளிக்கிழமை குறிஞ்சிப்பிட்டிக்குப் போயும் விடுவார். அவள் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஸபீனா, டொக்டர் என்ன சொல்லியிருக்கார்? மாப்பிள்ளைக்குக் குழாய் இருக்கோணுமா, கழலோணுமா?”

“இருக்கோணும் ராத்தா. அது கழண்டா மெஷினாம். பிறகு இவர் கடலுக்குப் போக ஏலாதாம்.”

“அப்ப நானாவ அந்த அறைக்குள்ள விட்டிராதீங்க,” என்றாள் மர்ளியா, மிகவும் மரியாதையாக. “அவர்ட ஊத்துக்கு முன்னால குழாய் நிக்காது. என்னப் பாருங்க. டொக்டர் ஒப்பரேஷன் பண்ணி இறுக்கித் தச்ச குழாய். நானா மூணு ஊத்துத்தான் ஊதினார். அவ்வளவுதான், கழண்டுட்டு. இல்லையா நானா?”

சாஹுல் ஹமீது தாடியைத் தடவினார். இல்லை என்றால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த கதை பொய்யாகும். ஓம் என்றால் குறிஞ்சிப்பிட்டி கையை விட்டுப் போகும். ஸபீனா அவரிடமிருந்து கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

“எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்,” என்றார் கடைசியில்.

“ஓம் நானா. ஆனா ஊத்து உங்கடதானே. ஊரே சொல்லுது.”

ஸபீனா எழும்பிவிட்டாள். நானா வீட்டில் இருந்தபடியே துஆ கேட்டால் போதும், இவ்வளவு தூரம் அலையவேண்டாம் என்று ஹவ்வாவிடம் சொன்னாள். கொழுவுகிற நேரத்தில் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், உம்மா வந்தாலும் வாப்பா வந்தாலும் திறக்காதீர்கள் என்று மர்ளியா வாசல்வரைக்கும் சொல்லி அனுப்பினாள். தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் சாஹுல் ஹமீதும் ஹவ்வாவும் பின்னாலேயே கிளம்பிப் போனார்கள்.

குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த செய்னுலாப்தீன் வெளியே வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இனி மச்சான் ஒருத்தர் வீட்டுக் குழாய்க்கும் கிட்டப் போக மாட்டார், நீ ஒரு ஆள்தான் அவரை மடக்கினாய் என்று மர்ளியாவின் கட்டில் காலடியில் வந்து உட்கார்ந்தார். மர்ளியாவும் சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், கையைச் சட்டைக்கு மேலால் வயிற்றின் இடது பக்கத்தில், வெறுமையாகக் கிடந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

“இஞ்சாருங்க,” என்றாள். “எனக்கு என்ட குழாய் வேணும்.”

யாருக்கும் ஏலாது என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். தலையாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.